பேர்சிமன் மரமும் இவற்ர ஷெட்டும்

கனடாவில, எங்கட ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் ஒரு பேர்சிமன் மரம் நிக்குது. அது நிக்கிற இடத்தில் ஒரு ஷெட் போடவேணும் எண்டுறதுதான் என்ர மனுசன்ர ஏழு வருசக் கனவு. ஸ்னோ தள்ளுற மெஷினுக்கு ஒரு வீடு வேணுமாம். அதுக்குக் குளிராதோ எண்டு என்னட்டையே கேப்பார்.

அந்த மரக்கண்டை நான்தான் கொண்டுவந்தனான். லைப்ரரி வாசலில் ஒரு வெள்ளைக்கார மனுசி நாட்டுமரக் கண்டுகள் வித்துக்கொண்டு நிண்டா. கடையில் விக்கிற, தக்காளி மாதிரிப் பெரிய பேர்சிமன் இல்லை இது, இந்தக் கண்டத்துக்கே சொந்தமான சாதி, பழம் சின்னன், ஆனால் குளிரைத் தாங்கும் எண்டா. ஆண்மரம் பக்கத்தில் இல்லாமலே இது காய்க்கும் எண்டும் சொன்னா. அது எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. வெளிக்கிடேக்குள்ள, "பழத்தைப் பிடுங்காதேங்கோ, தானா விழும்வரைக்கும் விடுங்கோ" எண்டு ரெண்டுதரம் சொன்னா. மாமரத்துக்குக் கீழ வளர்ந்த எனக்குப் பழம் பழுக்க வைக்க இவ சொல்லித் தரப்போறாவோ எண்டு மனசுக்குள்ள சிரிச்சுப்போட்டு வந்தன்.

ஒவ்வொரு மே மாதமும் எங்கட வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். பக்கத்து வீட்டு மேப்பிள் தழைச்சு நிழல் விழுத்தும். என்ர மரம் மட்டும் மொட்டைத் தடியா நிக்கும். "இஞ்சரும், உது செத்துப்போச்சு" எண்டு இவர் டேப்பை எடுத்துக்கொண்டு நிலம் அளக்கப் போவார். நான் தண்டை நகத்தால் சுரண்டிப் பச்சையைக் காட்டுவன். ஜூன் பிறக்கிற நேரம்தான் அது சோம்பல் முறிச்சு இலை விடும்.

ஏழாம் வருசம் இவர் முடிவாச் சொல்லிப்போட்டார். "இந்த முறை வாயில வைக்கிற மாதிரி ஒரு பழம் வரவேணும். இல்லாட்டி பனிக்கு முன்னம் ஷெட்." நானும் வாய்க்கொழுப்பில் ஓம் எண்டிட்டன். பிறகுதான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு விளங்கினது. பிள்ளையள் ரெண்டும் பிக்கரிங் பக்கம் வீடு வாங்கிப் போனபிறகு, காலமைத் தேத்தண்ணியோட நான் கதைக்கிறது அந்த மரத்தோடதான்.

அந்த வருசம்தான் முதன்முதலாக் காய்ச்சது. எண்ணிப் பார்த்தன், இருபத்திமூண்டு. செப்டெம்பரில் மஞ்சள் ஏறத் தொடங்க, அணிலுகள் வேலியில் வந்து குந்திட்டுதுகள். எனக்குப் பதகளிப்பு. ஏணி வைச்சு எட்டினதெல்லாத்தையும் பிடுங்கி அரிசிச் சாக்குக்குள்ள புதைச்சன். ஊரில் மாங்காய் அப்பிடித்தானே பழுக்கப் போடுறது. உச்சியில் அஞ்சு எட்டேல்லை. போகட்டும், அணிலுக்கு எண்டு விட்டன்.

பத்து நாளில் நல்ல நிறம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இவற்ர தமக்கையும் அத்தானும் வந்திச்சினம். இருக்கிறதுக்குள்ள நல்ல பீங்கான் தட்டில் வெட்டி வைச்சன். முதல் துண்டை இவர்தான் கடிச்சார். முகம் கோணி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போச்சு. இவர் மன்னார்க் கடற்கரையில் பிறந்த ஆள். "உது வலைக்குச் சாயம் போடுற பனிச்சங்காய். பரீட்சை பார்க்க உமக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ?" எண்டார். மச்சாளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி வந்திட்டுது. நானும் சேர்ந்து சிரிச்சுப்போட்டு, குசினிக்குள்ள போய் அழுதன். அந்த மனுசி ரெண்டுதரம் சொன்னது அப்பதான் ஞாபகம் வந்தது. பிழை மரத்தில் இல்லை, என்ர அவசரத்தில். ஆனால் வாக்குக் குடுத்தாச்சு.

நவம்பரில் இலையெல்லாம் கொட்டி, புல்லு உறைபனியில் வெளுத்துப்போயிருந்த ஒரு சனிக்கிழமை காலமை, இவர் மரம் அரியிற வாளை எடுத்துக்கொண்டு வளவுக்குள்ள இறங்கினார். எனக்குப் பார்க்க மனம் வரேல்லை. குசினியில் நிண்டு வெங்காயம் உரிச்சன். அரை மணித்தியாலமாகியும் வாள் சத்தத்தைக் காணேல்லை. எட்டிப் பார்த்தால், வாள் வேலியில் சாத்திக் கிடக்குது. மனுசன் மரத்துக்குக் கீழ குந்தியிருந்து புல்லுக்குள்ள கையால துழாவுது.

உள்ள வந்து உள்ளங்கையை நீட்டினார். சுருங்கி, கறுத்து, அழுகினது மாதிரி ஒரு பழம். "இந்தாரும். ஒண்டுதான் விழுந்து கிடந்தது."

வாயில போட்டன். பேரீச்சம்பழத்தைத் தேனில குழைச்ச மாதிரி இருந்தது. அண்டைக்கு நாக்கை ஒட்டவைச்ச கயர் எண்டுறது மருந்துக்கும் இல்லை. "நீங்கள் சாப்பிடேல்லையோ?" எண்டு கேட்டன். "எனக்கென்னத்துக்கு" எண்டவர், ஷெட்டைக் கராஜ் சுவரோட சேர்த்துப் போட்டால் என்ன எண்டு, என்ர முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

பின்னேரம் உடுப்புத் தோய்க்கப் போடேக்குள்ள இவற்ர ஜக்கற் பொக்கற்றை உதறினன். பேர்சிமன் பழத்தின்ர தலையில ஒட்டியிருக்கிற காம்புத் தொப்பி நாலு நிலத்தில் விழுந்தது. உச்சியில் நான் விட்டது அஞ்சு. அஞ்சாவதை எனக்கெண்டு கொண்டுவந்திருக்கிறார், கள்ளன்.