சுவர்ப்பக்கத்துக் கால்

இது கதை இல்லை. நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கிற ஆள் நான். எந்தச் சத்தத்துக்கும் ஒரு நட்டோ போல்ட்டோதான் காரணமாக இருக்கும் என்பது என் கட்சி. அந்தச் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

நான் கான்கிரீட் பம்ப் வண்டி ஓட்டுகிறவன். லாரிக்கு மேலே ஒரு நீளமான இரும்புக் கை மடங்கிக் கிடக்கும். அதை விரித்து மாடிக்குக் கான்கிரீட் அனுப்புவோம். பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தக் கையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்களுக்கு உயிர் கீழே இருக்கிறது. வண்டியின் நான்கு மூலையிலும் உள்ள இரும்புக் கால்களை வெளியே நீட்டி, அடியில் மரக்கட்டை கொடுத்து, ஆடாமல் ஊன்ற வேண்டும். ஒரு கால் ஏமாற்றினாலும் வண்டி குடைசாயும். மேலே குழாயைப் பிடித்து நிற்கிறவன் தலையில் அந்தக் கை இறங்கும்.

குழாயைப் பிடிப்பவன் என் மச்சான். என் மனைவிக்கு ஒரே தம்பி. "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வீட்டுப்படி ஏறாதீங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு உதட்டோடு சரி.

எங்கள் வண்டியில் வலது பக்க லீவர்கள் உடைந்து மாதக்கணக்காகிறது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே முதலாளி காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் வலது பக்கக் கால்களையும் நான் இடது பக்கம் நின்றுதான் நீட்ட வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்ஜின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பக்கம் நிற்கிறவன் இரும்பில் கல்லால் தட்டிக்கொண்டே இருப்பான். அது வண்டி வழியாக என் கைக்கே வந்து சேரும். தட்டல் வந்துகொண்டே இருக்கும்வரை காலை நீட்டலாம். தட்டல் நின்றால் நிறுத்த வேண்டும். ஆள் தடுக்கி விழுந்தாலும் சத்தம் நின்றுவிடும், நானும் நிறுத்திவிடுவேன். இதைவிடப் பத்திரமான முறை கிடையாது என்று பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஆறேகால் மணி இருக்கும். மழை மேகத்தால் அதற்குள்ளேயே இருட்டிவிட்டது. அந்த சைட்டுக்கு நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. கட்டடத்துக்கும் பின்பக்க மதில் சுவருக்கும் நடுவில் சந்து மாதிரி ஓர் இடம். அங்கேதான் வண்டியை விடச் சொன்னார் சைட் எஞ்சினியர். மற்ற இடமெல்லாம் கம்பியும் மணலும் குவிந்து கிடக்க, அந்த இடம் மட்டும் துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் அந்தச் சந்தில் நுழையாமல் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடது பக்கக் கால்களை ஊன்றி முடித்தேன். அடுத்தது வலது பின்கால்.

"போய் நில்லுடா" என்றேன். மச்சான் கையை ஆட்டிவிட்டு வண்டியைச் சுற்றிப் போனான்.

டொக்... டொக்... டொக்...

லீவரைத் தள்ளினேன். கால் நீண்டது.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் வேகமாக வந்தது. மழைக்கு முன்னால் முடிக்கப் பையன் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்தேன். தூங்குமூஞ்சிக்கு இன்றைக்காவது சுறுசுறுப்பு வந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

டொக்டொக்டொக்டொக்...

பிறகு மெலிந்தது. டொக்... ஒரு இடைவெளி. டொக்...

நின்றது. நானும் நிறுத்தினேன்.

"மாமா."

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மச்சான் தோளில் மரக்கட்டையோடு நின்றான்.

"கட்டை எடுக்கப் போனேன். அதுக்குள்ள கால நீட்டிட்டீங்களா?"

"அப்ப தட்டினது யாரு?"

"எங்க தட்டினாங்க?"

இருவரும் அந்தப் பக்கம் போனோம். யாரும் இல்லை. சந்தின் மறுமுனை தகரம் அடித்து அடைத்திருந்தது. உள்ளே யாராவது இருந்திருந்தால் எங்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கால், மதில் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு விரல் நுழையாது. மச்சான் எப்போதும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிறுத்துவான்.

திரும்பி வந்து காலை உள்ளே இழுத்தேன். சுவரை விட்டு விலகும்போது ஒரு சத்தம் வந்தது.

ஹ்ஹா......

ரொம்ப நேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டது போல.

"காத்து லீக்கா மாமா?"

இந்தக் கால்கள் எண்ணெயில் ஓடுகின்றன. இதில் காற்றே கிடையாது. "ஆமாடா" என்றேன்.

அப்போதே வண்டியைக் கிளப்பியிருக்க வேண்டும். வாசலில் மூன்று கலவை லாரிகள் வந்து நின்றுவிட்டன. கலவை இறுகிவிடும் என்று எஞ்சினியர் குதித்தார். எனக்கும் வறட்டுப் பிடிவாதம். இந்த முறை தட்ட வேண்டாம், போனில் பேசு என்று மச்சானை அனுப்பினேன்.

ஆறு நாற்பது.

"கட்டை போடறேன் மாமா. எதையும் தொடாதீங்க."

"தொடல."

ஒரு கையில் போன். இன்னொரு கையை வேண்டுமென்றே பேன்ட் பையில் விட்டுக்கொண்டேன். தோள் மட்டும் வண்டியில் சாய்ந்திருந்தது.

டொக்... டொக்...

"தட்டாதடா."

"நான் தட்டல. ரெண்டு கையிலயும் கட்டை."

டொக். டொக்.

"மாமா... கால் வருது."

"என்னது?"

"நிறுத்துங்க... மாமா, நிறுத்துங்க!"

லீவரைப் பார்த்தேன்.

தானாகச் சாய்ந்திருந்தது.

டொக்டொக்டொக்டொக்...

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். இன்ஜின் அணைந்தது.

அமைதி.

அந்த அமைதியில்...

டொக்.

ஓடினேன். மச்சான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். கையிலிருந்த கட்டை இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் குறுக்கே சிக்கி, விரிசல் விட்டிருந்தது. அது கொடுத்த இடத்தில்தான் அவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

அவன் அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல யாரோ நின்னாங்க மாமா. தோளோட தோள் ஒட்டி. அவங்களும் நடுங்கினாங்க."

வண்டியை முன்பக்கம் ரோட்டோரத்துக்குக் கொண்டுபோனேன். எஞ்சினியர் கத்தினார். "வேணும்னா நீங்க போய் அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. மறுநாள் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். அந்த உடைந்த லீவர்களைத் தவிர ஒரு கோளாறும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு பட்டறையில் ஒருவரைப் பார்த்தேன். முன்பு பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். இப்போது டயருக்குக் காற்று அடிக்கிறார். பேச்சுவாக்கில் நடந்ததைச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது.

"பின்பக்க மதிலா? ஒரு முனையில தகரம் அடைச்சிருக்குமே?"

"ஆமா. உங்களுக்கு எப்படி...?"

"என் ஹெல்பர் அங்கதான் நின்னான். அவன் தட்டினான், நான் கால நீட்டினேன். சுவத்துக்கும் காலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். கத்தினது எனக்குக் கேக்கல. கையில இருந்த கல்லால, நிறுத்தச் சொல்லி தட்டியிருக்கான்."

பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன்.

"வேகமா தட்டினான். அவசரப்படுத்தறான்னு நினைச்சேன். சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சே... அதனால நீட்டிக்கிட்டே இருந்தேன். சத்தம் நின்னப்புறம்தான் நிறுத்தினேன்."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"முதல் தடவை உங்களுக்குக் கேட்டுச்சே... நீங்க எப்ப நிறுத்தினீங்க?"

எழுந்து வந்துவிட்டேன்.