அத்தான் வீட்டு மானிட்டர்

திரை சட்டென்று கறுத்து, நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்து நிற்கும். அதன் முன்னால் அத்தான் இரண்டு கைகளையும் கீபோர்டில் இருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷமாகிறது. எத்தனையோ கறுத்த திரைகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் யாராவது மானிட்டர் என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்த அந்த இருப்புதான்.

ஆறுமுகநேரி பக்கம் ஓர் உப்பளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அக்கா இறந்த மறு வருஷம், ஒரே மகள் சென்னையில் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் போகவில்லை. அவளும் அதன்பிறகு போன் பண்ணவில்லை. இரண்டு வருஷம் ஒரு பேச்சும் இல்லை. அக்கா இருந்திருந்தால் இரண்டு பேரையும் நாலு திட்டுத் திட்டி ஒரே வாரத்தில் ஒன்றாக்கியிருப்பாள். நானும் சமாதானம் பேசிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அதில், இணையம் வழியாக வேறு ஊர்க்காரர்களும் சேர்ந்து லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறைக்கு வந்தால் அப்பாவும் மகளும் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது போகாமல் அத்தான் அதைத் திறந்திருக்கிறார். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு லாரி வந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தது. மேலே மகளின் பெயர். இவரும் இரண்டு முறை அடித்தார். அன்று முதல் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு இரண்டு லாரிகளும் ஒன்றாகக் கிளம்பின. ஒரு வார்த்தை எழுதிக்கொள்வது கிடையாது. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்த பிடிவாதம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மானிட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. மெயில் பார்த்தால் ஒன்றும் ஆகாது. விளையாட்டில் ஏறி அரை மணி நேரம் ஆனால் திரை கறுத்துவிடும். அத்தான் எனக்குப் போன் பண்ணினார். “நடுரோட்டுல அவள விட்டுட்டு ஓடுத மாதிரில்லா இருக்கு மாப்ளே. கோவத்துல போறேன்னு நெனச்சிட்டாள்னா என்ன செய்ய? பெறவு வராமப் போயிருவாளே.”

கேபிளை மாற்றினேன். சரியாகவில்லை. கடையிலிருந்து வேறு மானிட்டர் கொண்டுபோய் வைத்தேன். அதுவும் கறுத்தது. சாப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். பவர் சப்ளையை மாற்றினேன். கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியையே கடைக்கு அனுப்பச் சொல்லி, அதே விளையாட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது. திருப்பி அனுப்பினேன். அடுத்த ஞாயிறே, “போச்சு மாப்ளே.” என் தொழில் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு கல்யாண வீடு ஒன்றுக்காக ஆறுமுகநேரி போனவன், சொல்லாமல் கொள்ளாமல் அத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் முன்னால் மகளின் லாரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் மேசைமேல் இருந்த போன் அடித்தது. மகள். இரண்டு வருஷத்தில் முதல் முறை. அத்தான் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எடுத்தார்.

“அப்பா, ஒங்களுக்கு என்ன செய்யுது? பிரஷர் மாத்திரை போட்டீங்களா? வாராவாரம் இப்படிப் பாதியில போறீங்களே!”

“எனக்கு ஒண்ணும் இல்லளா. மானிட்டர் போச்சு.” அவ்வளவுதான். “சரி, வைக்கேன்” என்று வைத்துவிட்டார். வைத்தபிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். அது சட்டை போட்டிருந்தது. உப்பு மூட்டைக்கு உள்ளே போடும் தடித்த பாலித்தீன் பையை அளவெடுத்து வெட்டி, ஒரு காற்றும் புகாதபடி டேப் ஒட்டி மூடியிருந்தார். ஒயர்கள் வெளியே வர மட்டும் ஒரு ஓட்டை. தொட்டுப் பார்த்தேன். இட்லிச் சட்டிபோலச் சுட்டது. உப்பளத்தில் அத்தனை மோட்டாரையும் சுவிட்ச் பெட்டியையும் அப்படி மூடிக் காப்பாற்றிய கை அது. உப்புக்காற்று இரும்பை என்ன பண்ணும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? நான் வருகிறேன் என்று சொன்னாலும் சரி, பெட்டியைக் கடைக்கு அனுப்பினாலும் சரி, பிள்ளையைக் குளிப்பாட்டி டாக்டரிடம் கூட்டிப்போகிற மாதிரி அந்த உறையைக் கழற்றித் துடைத்து வைத்துவிடுவார். பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

விளையாட்டு ஓடும்போது பெட்டிக்கு வேலை அதிகம், சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் அது மூச்சுமுட்டிப் படம் அனுப்புவதை நிறுத்திவிடும் என்று சொன்னேன். “தொறந்து போட்டா ஒரு வருசத்துல உப்பு தின்னுருமேலே” என்றார். பிறகு அவரே டேப்பைக் கிழித்தார். “துருப் பிடிச்சாப் பிடிக்கட்டும். பிள்ள காத்து நிக்கா.”

மூன்று ஞாயிறு ஒரு குறையும் இல்லை. ஒரு பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். “ஓடுது” என்றார், சுரத்தே இல்லாமல். நாலாவது ஞாயிறு அத்தானின் மகள், என் மருமகளிடமிருந்து எனக்குப் போன். “மாமா, திரும்பவும் மானிட்டர் போயிட்டாமே? ஒழுங்காப் பாக்க மாட்டீங்களா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சொல்லாமலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் நிற்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். அத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். “பாழாப்போன மானிட்டர் இன்னைக்கும் போச்சுளா... ஆமா... சரி, மாப்பிள்ள இருக்காரா? அவர்ட்ட குடு.” திரை கறுப்பு. பெட்டி குளுகுளு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கேபிள் முனை, கழற்றிவிட்ட நிலையில், தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்ததையும் பார்த்தார். களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி முகம் போயிற்று. நான் கேபிளைத் தொடாமல் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். உடனே அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. போனில் மருமகனிடம் சொன்னார்: “இந்தா, அவ மாமன் வந்துட்டான் மாப்பிள்ள. இவனும் மாசக்கணக்காப் பாக்கான். இவனுக்கு என்ன தெரியும்!”

அத்தான் போய் இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின், மருமகள் மானிட்டர் இருந்த அந்த மேசை முன்னால் நின்றாள். புருஷன்காரர் அவளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“கடைசி வரைக்கும் இத ஒங்களால சரி பண்ண முடியலல்லா மாமா?”

“முடியலளா” என்றேன்.