இரண்டு முழம்

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நுரையீரல் நோய் முற்றிய அப்பாவுக்குப் பெருங்களத்தூர் வீட்டில் எந்நேரமும் ஆக்சிஜன் ஓடும். மூக்கில் மாட்டிய நீளமான குழாயோடு தினமும் சாயங்காலம் பால்கனிவரை நடந்து வந்து, நான் வேலையிலிருந்து திரும்புவதைப் பார்த்து நிற்பார்.

ஒரு நாள் அந்தக் குழாய் தடுக்கி என் மகள் விழுந்தாள். ஆத்திரத்தில் நான் குழாயை வெட்டிக் குட்டையாக்கிப் பொருத்திவிட்டேன்.

மறுநாள் பால்கனியில் அப்பா இல்லை. பதறி மாடியேறினேன். பால்கனிக் கதவுக்கு உள்ளேயே, குழாய் விறைத்துக் காதை இழுக்க நின்றிருந்தார்.

"இதுக்கு மேல எட்டலம்மா. பரவால்ல, நீதான் வந்துட்டியே."

"ஞாயித்துக்கிழமை புதுசு வாங்கிடறேம்பா."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அப்புறம் அப்பாவும் போய்விட்டார்.

வெட்டிய துண்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டே முழம்தான்.