சாட்சிக்குப் பிறகு வந்த ஸ்கேன்

என் கணவர் தேவராஜ் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பேஸ் குரல் (கனத்த கீழ்க்குரல்). நீளமான அடியை ஒரே மூச்சில் இழுத்து முடிப்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி அடியில் நிறுத்தி, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார். வாயு என்றார். நானும் இஞ்சிச் சாறு போட்டுக் கொடுத்தேன்.

வாயு இல்லை, கல்லீரலில் கட்டி. மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று பல வருடமாகச் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கி (சிரோசிஸ் என்பது இதைத்தான்) கட்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தது. அவர் ஒரு சொட்டும் குடித்தவரில்லை. எங்கள் இரும்புலியூரில் பாதிப் பேர் இதை இன்னும் நம்பவில்லை.

“சின்னதாத்தாம்மா இருக்கு. வயித்தைத் திறக்க வேணாம். ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசியை உள்ள விட்டு, சூட்டுலயே கருக்கிடலாம்” என்றார் டாக்டர். மைக்ரோவேவ் அப்லேஷன் (நுண்ணலைச் சூட்டால் கட்டியைச் சுடுவது) என்று அதற்குப் பெயர்.

“நம்ம வீட்ல மீன் குழம்பு சுட வைக்கிறோமே, அந்த மைக்ரோவேவா டாக்டர்?” என்று இவர் கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் நகருமாம். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் மூச்சைப் பிடித்தால்தான் ஊசி குறி தப்பாது. “மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க” என்று டெக்னீஷியன் மைக்கில் சொல்வது, வெளியே பெஞ்சில் இருந்த எனக்கும் கேட்டது. “உங்க சார் மாதிரி மூச்சைப் பிடிக்க ஆளில்லைம்மா” என்று டாக்டரே வந்து சொன்னார். இவருக்குத் தோள்பட்டை வலித்தது (கல்லீரலுக்கு மேலே எரிச்சல் பட்டால் வலி தோளில் தெரியும்). காய்ச்சல் வந்து போனது. “ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

கேட்டுக்கொண்டோம், மனதில் வாங்கவில்லை. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ‘பூரண சுகம் பெற்றதற்காக’ என்று உறையில் நான் எழுத, ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) போட்டோம். இவர் எழுந்து நின்று சாட்சியும் சொன்னார். கிடைத்த நன்மையைச் சபை முன்னால் சொல்வது எங்கள் வழக்கம். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது.

வெளியே வந்ததும் பீர்க்கன்கரணை கிரேஸ் அக்கா அழுதபடி வந்தார். அவர் கணவருக்கும் இதே கட்டி. ஊசி என்றாலே பயந்து வீட்டோடு கிடந்தவர். “அண்ணா, உங்க சாட்சியைக் கேட்டுட்டு அவரு ட்ரீட்மென்ட்டுக்குச் சரின்னு தலையாட்டிட்டாரு” என்றார்.

அந்த வாரமே எங்கள் ஸ்கேன் வந்தது. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “சுட்ட இடம் சுத்தமா இருக்கு. ஆனா வேற இடங்கள்ல புதுசா வந்திருக்கு. ரத்தக் குழாய்க்குள்ளயும் போயிடுச்சு.”

“மறுபடியும் சுட முடியாதா டாக்டர்?”

“இத்தனை இடத்துல முடியாதும்மா. மாத்திரை தரேன், கொஞ்சம் தள்ளிப்போடும்.”

எவ்வளவு தள்ளிப்போடும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஆட்டோ நின்றபோது இவர் வாயைத் திறந்தார். “கிரேஸ்கிட்ட இப்ப சொல்லாத எஸ்தர். அவ வீட்டுக்காரர் பயந்து மறுபடி படுத்துடுவார்.”

“சபை முன்னாடி சொன்னது என்னங்க ஆகுறது?”

“சொன்ன அன்னிக்கு எனக்கு அது நெஜம்தானே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆண்டவர் மேலா, இவர் மேலா, எழுதிப் போட்ட என் மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கிரேஸ் அக்காவின் கணவரை எங்கள் வீட்டுக்கே வரவழைத்து, சோபாவில் உட்காரவைத்து, மூச்சைப் பிடிக்க இவர் பழக்கினார். “அவ்ளோ இழுக்காதீங்க, பாதி போதும். எப்பவும் அதே பாதி.” நான் சமையலறையில் டீயை வேண்டுமென்றே தாமதித்தேன்.

அவருக்குச் சிகிச்சை பலித்தது. ஒரு மாத ஸ்கேனும் சுத்தமாக வந்தது. கிரேஸ் அக்கா சாட்சி சொல்ல எழுந்து, “தேவராஜ் அண்ணனைச் சுகமாக்கின ஆண்டவர் எங்க வீட்டுக்கும் வந்தார்” என்றார். இவர் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. இவரும் எல்லோருடனும் அல்லேலூயா சொன்னார். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். அக்கா எங்கள் பக்கம் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களே, பயப்படாமல் போங்கள். அந்தச் சிகிச்சை பொய்யில்லை. எங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இவர் பாடுவதில்லை. வயிற்றில் நீர் சேர்ந்து, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பள்ளி விட்டு வந்து கட்டிலருகே விடைத்தாள் திருத்துகிறேன். என்ன கிழமை என்பதே பல நாள் மறந்துபோகிறது. அவர் மூச்சை இழுக்கும்போது நானும் இழுக்கிறேன், அது நிற்கும்போது நானும் பிடித்துக்கொள்கிறேன். விடச் சொல்ல இங்கே மைக்கில் யாரும் இல்லை. அவர் விட்ட பிறகுதான் நான் விடுகிறேன்.