வலது இருக்கைக்கு ஒரு மவுஸ்

"பத்தல. இன்னும் வேகமா ஆட்டுங்க," என்று விமானத்துக்குள்ளிருந்து மேனேஜர் சொன்னார்.

வலது இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்து ஆபரேட்டர் ஆட்டினார். இடது பக்கக் கம்பியை மெக்கானிக் ஆட்டினார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த விமானம் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். தண்ணீரில் போட்ட பிளாஸ்டிக் டப்பா மாதிரி அசைந்தது.

"மேகம் வந்துருச்சா சார்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வந்துருச்சு. நிறுத்தாதீங்க. நான் இன்னும் அமுக்கல."

மெக்கானிக் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "யாருக்காகண்ணே ஆட்டுறோம்?"

"எனக்காகத்தான்."

"அப்போ நீங்கதானே உள்ள உக்காரணும்?"

"நான் கமிட்டியில இல்லையே," என்றார் ஆபரேட்டர். தொடர்ந்து ஆட்டினார்.

அந்தக் கம்பெனி நிலத்தை மேலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரித்துக் கொடுத்தது. விமானம் ஒரு கோட்டில் நேராகப் போகும், திரும்பும், பக்கத்துக் கோட்டில் வரும். இடது இருக்கையில் கேப்டன் ஓட்டுவார். வலது இருக்கையில் ஆபரேட்டர். அவருக்கு முன்னால் லேப்டாப் திருகி மாட்டியிருக்கும். கோடு தொடங்கும் இடத்தில் திரையில் ஒரு பச்சைக் கட்டத்தை அமுக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் கேமரா ஓடும். கோடு முடிந்ததும் சிவப்புக் கட்டம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒவ்வொன்றும் பாதி நகம் அகலத்தில். அதை வடிவமைத்தவர் நிச்சயம் நாற்காலி ஆடாத அறையில் உட்கார்ந்திருந்தவர்.

பதினோரு வருடம் ஆபரேட்டர் லேப்டாப்பின் தேய்ப்புப் பலகையில் விரலைத் தேய்த்து அந்தக் கட்டங்களைப் பிடித்துவந்தார். போன பருவத்தில் ஒரு நாள் காற்று தூக்கிப் போட்டது. அம்புக்குறி துள்ளிச் சிவப்பில் விழுந்தது. ஒரே நாளில் மூன்று கோடுகள் போயின. வரைபடம் வாங்கியவர்கள், தங்கள் ஊரில் இருக்கும் ஏரி வரைபடத்தில் இல்லை என்று கடிதம் எழுதினார்கள். ஆபரேட்டருக்கு மெமோ வந்தது. இன்னொரு கோடு தவறினால் அவரைத் தரைக்கு இறக்கிப் படப் பிரிவுக்கு மாற்றுவதாக அதில் எழுதியிருந்தது.

தரை அவருக்குப் பயமில்லை. படப் பிரிவுதான் பயம். அதன் தலைவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே ஆபரேட்டர்தான். விமானத்தைப் பார்த்தாலே பையனுக்கு வயிற்றைக் கலக்கும் என்பதால் தரையில் போட்டார்கள். தரையில் இருப்பவன் தினமும் மேனேஜர் கண்ணில் படுவான். பதவி உயர்வு பேசிய ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் ஐயாயிரம் அடி உயரத்தில் இருந்தார். இப்போது மச்சானுக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு.

"வாங்க மாமா," என்று மெமோ வந்த அன்றே மச்சான் கூப்பிட்டான். "ஜன்னல் பக்கமா ஒரு மேசை காலியா இருக்கு. பிடிச்சு வைக்கட்டுமா?"

"இருக்கட்டும் மாப்ளே. இன்னும் இறங்கல."

"இல்ல மாமா, சும்மா கேட்டேன். அப்புறம் லீவுக்கெல்லாம் நீங்க என்கிட்டதானே எழுதிக் கொடுக்கணும். எனக்கே கூச்சமா இருக்கும்."

அவன் முகத்தில் கூச்சம் எதுவும் தெரியவில்லை.

கை வழுக்கியதற்குக் காரணம் கை அல்ல, தேய்ப்புப் பலகைதான் என்று ஆபரேட்டர் பதில் எழுதினார். மேனேஜர் நியாயமானவர். எதையும் விசாரிக்காமல் முடிவெடுக்க மாட்டார். விசாரித்த பிறகும் அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டார். மூன்று பேர் கமிட்டி போட்டார். அவர், பாதுகாப்பு அதிகாரி, ஸ்டோர் கீப்பர். பயன்படுத்துகிறவரை உள்ளே சேர்த்தால் பாரபட்சம் வரும் என்று ஆபரேட்டரை விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் ஓடியது. ஸ்டோர் கீப்பர் மதிப்பெண் தாள் தயாரித்தார். பிடிமானத்துக்குப் பத்து, தோற்றத்துக்குப் பத்து. சாதாரண மவுஸ் முதல் ஆட்டத்திலேயே முழங்காலிலிருந்து குதித்து, வாலில் தொங்கியது. வால் இல்லாத மவுஸ் இருக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அப்புறம் விரலில் மோதிரம் மாதிரி போட்டுக்கொள்ளும் ஒன்று வந்தது. பாதுகாப்பு அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. விரலில் போட்டு அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார், கழற்றினார், காணவில்லை. விமானத்துக்குள் ஒரு பொருள் தொலைந்தால், கிடைக்கும்வரை பறக்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவரும் அவரே. இரண்டு இருக்கைகளையும் தரை விரிப்பையும் மெக்கானிக் கழற்றினார். மாலையில் அது அதிகாரியின் சட்டைப் பையில் இருந்தது. தோற்றத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தும் தள்ளுபடி ஆனது.

கடைசியாக வந்ததைத்தான் இன்று மேனேஜர் சோதித்துக்கொண்டிருந்தார். அது நகராத மவுஸ். ஒரே இடத்தில் ஒட்டிவைத்துவிடலாம். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பந்து. பந்தை உருட்டினால் அம்புக்குறி ஓடும். ஸ்டோர் கீப்பர் அதற்கு 'உருண்டை' என்று பெயர் வைத்தார்.

"பிரமாதம்," என்று மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "பத்துக்குப் பத்து பச்சை."

அடுத்துப் பாதுகாப்பு அதிகாரி ஏறினார், பிறகு ஸ்டோர் கீப்பர். இருவருக்கும் பத்துக்குப் பத்து. ஆட்டியவர்களுக்குத் தோள் கழன்றது. அப்போதுதான் ஆபரேட்டர் ஒன்றைக் கவனித்தார். மூவரும் இடது கதவு வழியாகத்தான் ஏறினார்கள், கேப்டனின் இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். நான்கு மாதமாகவே அப்படித்தான். விமானத்தில் ஏறக் கிடைத்த மனிதன் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறெங்கே உட்காருவான்? ஆபரேட்டர் பக்கத்து ஸ்டியரிங்கை லேப்டாப்புக்காக எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

"சார்," என்றார். "இது வலது கைக்குச் செஞ்சது. அந்த சீட்டுல வலது கை நடுவுல வருது. என் சீட்டுல வலது கை கதவுல இடிக்கும்."

"ஏன் இடிக்குது?"

"கதவு அங்கதான் சார் இருக்கு."

கமிட்டி இதைப் பரிசீலித்தது. அவரை வலது இருக்கையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஸ்டோர் கீப்பர் டேப்பை வைத்து முழங்கையை அளந்தார், கதவை அளந்தார், மறுபடி முழங்கையை அளந்தார்.

"ரெண்டு அங்குலம் அதிகமா இருக்கு சார்."

"எது, கதவா?"

"முழங்கை."

மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார். குறை உருண்டையில் இல்லை என்பது தெளிவானது. தங்களுக்கு எங்கே நன்றாக இருந்ததோ அங்கேயே, இரண்டு இருக்கைக்கும் நடுவில், அதை ஒட்டிவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஆபரேட்டர் இடது கையால் உருட்டிக்கொள்ள வேண்டியது. புதன்கிழமை சோதனைப் பறப்பு. பன்னிரண்டு கோடுகள்.

பழகிப் பார்ப்பதற்காக, ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு உருண்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார். துணி அலமாரிதான் கதவு. அதன் ஓரமாக நாற்காலி போட்டு, இடது பக்கம் ஸ்டூல் வைத்து, ஸ்டூலில் உருண்டையை ஒட்டினார். இடது கையை வைத்தால் பந்து சுண்டுவிரலுக்கு வந்தது. கட்டைவிரல் வேலையில்லாமல் காற்றில் நின்றது.

"ஆட்டு," என்றார் மனைவியிடம்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை.

"மெதுவா. அவ்வளவு காத்து அடிச்சா கேப்டனே கிளம்ப மாட்டாரு."

மகள் கட்டிலில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பில் வரைந்துவைத்த கட்டங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பச்சை. சிவப்பு. சிவப்பு. பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. எல்லாத்தையும் மூடிட்டீங்கப்பா."

"என்னங்க, இது வலது கைக்காரங்க சாமான்," என்றாள் மனைவி.

"நானும் வலது கைக்காரன்தான்."

"அப்போ இந்தப் பக்கமா வந்து உக்காருங்க."

"அந்தப் பக்கம் கேப்டன்."

அவள் ஆட்டுவதை நிறுத்தினாள். "தவறினாத்தான் என்ன இப்போ? என் தம்பிகிட்டதானே போறீங்க. அவன் உங்களைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவான்."

"அதான் வேணாம்கறேன். ஆட்டு."

இருபது தடவையில் ஒன்பது பச்சை.

புதன்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் முதல் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். கேப்டன் தரையில் வாய் ஓயாமல் பேசுவார், மேலே போனால் வாயைத் திறக்க மாட்டார். ஆபரேட்டரின் சுண்டுவிரல் பந்தின் மேல் இருந்தது. கோடு நெருங்கியது. அம்புக்குறி பச்சையைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, சிவப்பின் மேல் ஏறி நின்றது. அவர் அமுக்கவில்லை.

"விட்டுட்டீங்களா?" என்றார் கேப்டன்.

"இல்ல. விரல் சொன்னபடி கேக்கல. ஒரு சுத்து சுத்தி வர முடியுமா?"

கேப்டன் சுற்றினார். திரும்பும்போது ஆபரேட்டர் கையை எடுத்து உதறிக்கொண்டார். கேப்டனின் வலது கை தானாக நடுவில் இறங்கியது. உருண்டையின் மேல் உட்கார்ந்தது. கட்டைவிரல் பந்தைத் தேடவே இல்லை.

"அட. எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே," என்றார். மேலே அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. "எங்க அமுக்கணும்னு சொல்லுங்க."

ஆபரேட்டர் ஒரு கணம் யோசித்தார். மெமோ ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது.

"வலது. இன்னும் வலது. கொஞ்சம் மேல. நில்லுங்க. இப்போ."

பச்சை. கேமரா ஓடியது.

மூன்றாவது கோட்டுக்குப் பிறகு "இப்போ" மட்டும் போதுமாக இருந்தது. ஐந்தாவதிலிருந்து அதுவும் தேவைப்படவில்லை. ஆபரேட்டரின் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு வெளியே பார்க்க நேரம் கிடைத்தது. ஒரு ஆறு இருந்தது. ஆற்றின் நடுவில் மணல் திட்டில் ஒரு மாடு நின்றது. எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு மொட்டைமாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவர் ஆயிரக்கணக்கில் படமெடுத்திருந்தார். பன்னிரண்டாவது கோடு முடிந்தபோது, அதற்குள்ளாகவா என்று இருந்தது.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மேனேஜர் கொட்டகை வாசலுக்கே வந்து கை கொடுத்தார். கமிட்டி அறையில் எல்லோருக்கும் காபி வந்தது. இனி கவலையில்லை, கேப்டன் ஒத்துழைக்கும்வரை வண்டி ஓடும் என்று ஆபரேட்டர் கணக்குப் போட்டார். காபி நன்றாகத்தான் இருந்தது.

தரைக்கு வந்ததும் கேப்டனுக்கு வாய் திறந்துகொண்டது. "நல்ல சாமானைத்தான் சார் பிடிச்சிருக்கீங்க. நானும் கொஞ்சம் கை கொடுத்தேன்."

"கை கொடுத்தீங்களா?"

"கட்டைவிரல்தானே சார். நேராப் போறப்போ அது சும்மாதான் இருக்கு. பன்னிரண்டும் நான்தான் அமுக்கினேன். கண்ணை மூடிக்கிட்டே அமுக்கலாம், அவ்வளவு சுலபம்."

அவர் நண்பனுக்கு உதவியதைச் சொன்னார். மேனேஜர் காபியைக் கீழே வைத்தார்.

"அந்தத் திரையை உங்க பக்கம் திருப்பி மாட்டினா?"

"இன்னும் சுலபம்," என்றார் கேப்டன். அதற்குப் பிறகுதான் ஆபரேட்டரைப் பார்த்தார். "சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதானே."

ஆபரேட்டர் எழுந்தார். "சார், ஒரு விஷயம். அது கேப்டனுக்குத்தான் பொருந்துது. எனக்குப் பொருந்தல."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்," என்றார் மேனேஜர், அன்பாக.

பாதுகாப்பு அதிகாரி தொண்டையைச் செருமினார். ஓட்டுகிற ஆள் திரையையும் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறார் என ஆபரேட்டர் நினைத்தார். அதிகாரியின் கவலை வேறு. வலது பக்கம் காலியாக இருந்தால் எடை சமன் ஆகாதே என்று கேட்டார்.

"எடைக்கு ஆள்தான் வேணும்னு இல்லையே சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "தீயணைக்க வச்சிருக்கிற மணல் எக்கச்சக்கமா கிடக்கு."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மெக்கானிக்கும் ஆபரேட்டரும் மணலை மூட்டையில் அள்ளினார்கள். எத்தனை கிலோ என்று மெக்கானிக் கேட்டார். அறுபத்தெட்டு என்று ஆபரேட்டர் சொன்னார். எடை போட்டுக் கட்டி, வலது இருக்கையில் தூக்கிவைத்து, பெல்ட் போட்டார்கள். கேப்டன் வணக்கம் சொல்லிவிட்டு ஏறினார். ஆறு பத்துக்கு விமானம் கிளம்பியது. ஒன்பது மணிக்கு ஆபரேட்டர் படப் பிரிவுக்குப் போனார். மச்சான் எழுந்து நின்று, மற்றவர்களிடம், "இவர் எங்க மாமா," என்றான். பிறகு உட்கார்ந்து, "இன்னைலேர்ந்து நம்ம பிரிவு," என்றான். ஜன்னல் பக்கத்து மேசையில் சாதாரண மவுஸ் இருந்தது. நன்றாக வேலை செய்தது. மதியம் வரை முப்பத்தொன்று, மாலைக்குள் இன்னும் நாற்பது படங்களைத் திருப்பி நேராக்கினார். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனார்.