சென்ட் ஃபோல்டரில் இல்லாத பதில்

1. அடைத்தவனே காட்டிய வழி

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்டில் இருந்தேன். பிரின்டர் பேப்பரை மென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மெயில் சர்வர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எல்லாருக்கும் நட்புத் தளப் பைத்தியம் பிடித்தது. மேலிடத்து உத்தரவுப்படி அந்தத் தளங்களை எல்லாம் ஃபயர்வாலில் அடைத்தேன். பிறகு வேலியே பயிரை மேய்ந்த கதையாக, அதற்கு ஒரு வழியும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

வழி சுலபம். தளத்தில் யாராவது உங்களுக்கு எழுதினால், அது மெயிலாக உங்கள் இன்பாக்ஸுக்கு வரும்படி செய்துகொள்ளலாம். அந்த மெயிலுக்கு ரிப்ளை அடித்தால் போதும், உங்கள் பெயரில் தளத்திலேயே பதிவாகிவிடும். உள்ளே போய் ஊர்வம்பு பார்த்து அரை மணி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். எந்த மெயில் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், எதற்குத் தானாகப் பதில் போக வேண்டும் என்று ரூல் போடவும் கற்றுக்கொடுத்தேன்.

என்னிடம் இதையெல்லாம் ஆசையாகக் கற்றுக்கொண்டவர் பர்ச்சேஸ் முருகேசன். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக் குடும்பம். ஒரு வென்டரிடம் கன்னடத்தில் கெஞ்சுவார், அடுத்தவரிடம் தெலுங்கில் மிரட்டுவார், போனை வைத்துவிட்டு எங்களிடம் தமிழில் சிரிப்பார். அவருடைய ஒரே தங்கை கவிதா கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். அண்ணனுக்குத் தினமும் மத்தியானம் தளத்தில் எழுதுவாள்.

2. அப்பாவின் வேண்டுகோள்

சூளகிரி தாண்டி ஹைவேயில் ஒரு லாரி முருகேசனின் பைக்கை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. காரியத்துக்கு நாங்கள் எல்லாரும் போய்வந்தோம்.

சப்ளையர் மெயில்கள் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்ததால் அவருடைய மெயில் பாக்ஸை மூட முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றி நான் மட்டும் வைத்துக்கொண்டேன். வருவதில் சப்ளையர் மெயிலை மட்டும் எடுத்து, அவர் இடத்துக்கு வந்த சுதாவுக்கு அனுப்புவது என் வேலை.

அந்த வாரம் முருகேசனின் அப்பா கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். ரிசப்ஷனில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பொண்ணு மாசமா இருக்குதுங்க சார். ஏற்கனவே ஒண்ணு கலைஞ்சு போச்சு. இது தெரிஞ்சா தாங்க மாட்டா. கம்பெனி இவனை ஜப்பானுக்கு டிரெய்னிங் அனுப்பியிருக்குது, போன் பேச முடியாதுன்னு சொல்லி வெச்சிருக்கோம். மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் விசயம் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"அவன் பேர்ல அப்பப்ப ரெண்டு வார்த்தை போட்டு விடுங்க சார். கொழந்த பொறக்கற வரைக்கும் போதும்."

எங்கள் பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இழவுச் செய்தி சொல்ல மாட்டார்கள். அந்த மனுஷன் நின்ற நிலையைப் பார்த்து, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன்.

3. யார் கேட்டது?

மறுநாள் மத்தியானம் அவருடைய இன்பாக்ஸில் தங்கையின் மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வார்த்தை: "சாப்டியாண்ணா?" ரிப்ளையைத் திறந்தேன். என்ன எழுதுவது? செத்தவன் சாப்பிட்டேன் என்று எழுத வேண்டும். விரல் வரவில்லை. ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது இன்னொரு மெயில் வந்திருந்தது. "போட்டேண்ணா. இப்பத்தான்."

என்ன போட்டாள்? யார் கேட்டார்கள்? சென்ட் ஃபோல்டரைத் திறந்தேன். அவர் இறந்த நாளுக்குப் பிறகு அதில் ஒன்றுமே இல்லை. அவருடைய கம்ப்யூட்டரைப் போய்ப் பார்த்தேன். ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தபடியே இருந்தது. பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான்.

அடுத்த நாளும் அதே. "சாப்டியாண்ணா?" வந்தது. நான் தொடவில்லை. சற்று நேரத்தில், "ம், போட்டேண்ணா" என்று வந்தது. யாரோ அவளிடம் ஏதோ கேட்கிறார்கள், அவளும் பதில் சொல்கிறாள். பட்டப்பகல், ஏசி ரூம், வெளியே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் சத்தம். எனக்கு முதுகு வியர்த்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சுதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அன்றே முருகேசனின் நாற்காலியை மாற்றிக்கொண்டாள். யாரோ அவர் மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பதையே கிண்டல் செய்கிறவன் நான். அந்தப் பழத்தை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆபீஸில் தளம் திறக்காது. அடைத்த புண்ணியவான் நான்தானே. சாயங்காலம் பாகலூர் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். கவிதாவின் கேள்விக்குக் கீழே, கூலிங் கிளாஸ் போட்ட முருகேசன் படம். பக்கத்தில் அவர் எழுதியது: "சாப்ட்டேன்மா. நீ மாத்திரை போட்டியா?" முந்தின நாள் கேள்விக்குக் கீழேயும் அதேதான். பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அவர் சாவதற்கு முன்னாலும், மத்தியானம் மத்தியானம், ஓர் எழுத்து மாறாமல் அதே பதில்.

அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை முதல் வேலையாக ரூல்களைத் திறந்தேன். சப்ளையர் ரூல்களுக்குக் கீழே 'தங்கச்சி' என்று ஒன்று. கவிதாவிடமிருந்து வந்து, அதில் சாப்டியா என்ற வார்த்தை இருந்தால், இந்தப் பதிலை அனுப்பு. இது சர்வரே அனுப்பும் பதில், அதனால் சென்ட்டில் விழாது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போகும். ஆள் இல்லாவிட்டாலும் போகும்.

பயம் போய்க் கோபம் வந்தது. அடப்பாவி, கூடப் பிறந்தவளையா ரூலில் போட்டாய்? பழைய சென்ட் மெயில்களைப் பார்த்தேன். அநேகமாக எல்லா நாளும் சாயங்காலம் வேலை முடிந்து, கையால் அடித்த நீளமான கடிதங்கள் இருந்தன. தோப்பில் பூ பிடித்தது, அம்மாவின் முட்டிவலி, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று. மத்தியானம் மீட்டிங்கில் மாட்டிக்கொள்ளும்போது அவள் காத்திருக்கக் கூடாது என்றுதான் ரூல் வைத்திருக்கிறார்.

ரூலை அப்படியே விட்டேன். சாயங்காலக் கடிதங்கள் நின்றுபோனதற்குச் சமாதானமாக, இங்கே குளிர் அதிகம், வேலையும் அதிகம் என்று ஒரே ஒரு முறை நான் எழுதினேன்.

4. எது அவர்?

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு வீட்டில் சொன்னார்கள். சில மாதம் கழித்து அண்ணனின் சாமான்களை வாங்கிக்கொள்ள அப்பாவோடு கவிதா வந்தாள், தோளில் குழந்தை. அப்பா கையெழுத்துப் போடப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"குளிருதுன்னு எழுதுனது நீங்கதானே சார்? எங்கண்ணன் குளிருது வலிக்குதுன்னெல்லாம் எழுத மாட்டான்."

ஆமாம் என்றேன்.

"மாத்திரை போட்டியான்னு கேட்டது?"

அதற்கு என்ன பதில் சொல்கிறேன் என்பதில் அவளுக்கு மிச்சமிருந்த அண்ணன் இருந்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அது அவர் எழுதுனதும்மா. அவர் இருக்கறப்பவே எழுதி வெச்சுட்டுப் போனது. நீ கேட்டா தானாப் போகும்."

குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அதத்தான் நான் நம்பி உக்காந்திருந்தேன். நிறுத்திடுவீங்களா சார்?"

பார்க்கலாம் என்று மழுப்பினேன்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். நேரம் மிச்சமாக ரூல் போடுங்கள், தப்பில்லை. ஆனால் போட்ட ஆள் போனாலும் ரூல் போகாது. அதனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். அந்த வருடமே இதை எங்கள் கம்பெனியில் கட்டாயமாக்கினேன். தேதி தாண்டிய ரூல்களை ஒவ்வொன்றாக நானே அழித்தேன், ஒன்றைத் தவிர.

புது சர்வருக்கு மாறும்போது முருகேசனின் பாக்ஸையும் மூட வேண்டிய வேளை வந்தது. மூடுவதற்கு முன் கடைசியாகத் திறந்தேன். இரண்டு மெயில்கள், இரண்டும் அன்று மத்தியானம் வந்தவை. முதலாவது, "சாப்டியாண்ணா?"

இரண்டாவது, "மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சுண்ணா. பாப்பா நடக்கறா."