இரண்டு சாவிப் பெட்டி

பின்தெருவில் திருடன் வந்துபோன பிறகு ஆனையூரில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் போயிருந்த ஒரு வாத்தியார் வீட்டில், பீரோவின் பூட்டைத் தொடக்கூட இல்லையாம். பீரோவைச் சுவரை விட்டு நகர்த்தி, பின்பக்கத் தகட்டைத் தகர டின்னை வெட்டுவதுபோல வெட்டி, உள்ளே இருந்ததை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததும் அதே மாதிரி பீரோதான். அன்றிலிருந்து அம்மா பால் வாங்க வாசலுக்குப் போனாலும் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கீழ்வீட்டில் நாங்கள். மாடியில் சித்தப்பாவும் சித்தியும். பழங்காநத்தத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தண்ணீர் மோட்டார் கடை வைத்திருந்தார்கள். கடை இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய கோடை அது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். இரண்டு வீட்டு நகையும், செக்கானூரணிப் பக்கம் இருந்த தோட்டத்தின் பத்திரமும் எங்கள் பீரோவில்தான் இருந்தன. முந்தைய தீபாவளிக்கு அதிலிருந்து சித்தியின் வளையல் ஒன்று காணாமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அதனால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல லாக்கர் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவானது. முடிவானதே தவிர, எதை வாங்குவது என்பதில் மூன்று வாரம் வீடு கொதித்தது. நம்பர் போட்டுத் திறக்கிற பெட்டிதான் வேண்டும் என்றார் சித்தப்பா. பேட்டரி தீர்ந்து போனால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதா என்று கேட்டார் அப்பா. சரி, சாவிப் பெட்டி என்றால் சாவி யாரிடம் இருப்பது என்று சித்தி கேட்டாள். நம்பர் என்றால் அந்த நம்பர் யாருக்கெல்லாம் தெரிந்திருப்பது என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு லாக்கர் விற்கிற கடைக்குப் போனோம். அங்கே சின்னதும் பெரிதுமாகப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் ஒவ்வொன்றின் கதவையும் திறந்து அதன் பருமனைக் காட்டினார். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டியை வாங்குவது திருடனுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுப்பதுபோல என்றார். எந்தப் பெட்டியானாலும் தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிட வேண்டும். பத்திரம் வைப்பதென்றால் தீ தாங்குகிற பெட்டி வேண்டும். நம்பர் பெட்டி என்றால் பிள்ளைகளின் பிறந்தநாளை நம்பராக வைக்கக் கூடாது. அப்பா தலையாட்டினார், சித்தப்பா தலையாட்டினார். இரண்டு பேரும் வேறு வேறு பெட்டிக்கு முன்னால் நின்று தலையாட்டினார்கள்.

அப்போது அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டாள்.

"ரெண்டு சாவியும் சேத்துப் போட்டாத்தான் தொறக்குற மாதிரி ஏதும் இருக்குதாங்க?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். இருப்பதாகவும், ஆனால் அதை பேங்க்காரர்களும் அடகுக்கடைக்காரர்களும்தான் வாங்குவார்கள் என்றும், குடும்பத்துக்கு யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"எங்களுக்கு அதே இருக்கட்டும்," என்றாள் சித்தி.

அம்மாவும் சித்தியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஏனோ அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

பெட்டி எங்கள் கூடத்து மூலையில் இறங்கியது. ஒரு சாவி அப்பாவிடம், இன்னொன்று சித்தப்பாவிடம். ஒரு கம்மல் எடுக்க வேண்டுமென்றாலும் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்று திறக்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டில் அவர்கள் அப்படித் தோளுரச நின்று நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

ஆவணியில் அத்தை மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை அந்த அத்தை. தாய்மாமன் சீராக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கிலி செய்து பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்து இரண்டு வீட்டு நகைகளையும் எடுத்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் அன்றைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். காலையில் நாங்கள் கிளம்பும்போதுதான் தெரிந்தது, சங்கிலி எங்களிடம் இல்லை. சித்தி எடுத்திருப்பாள் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அக்கா எடுத்திருப்பார் என்று சித்தி நினைத்திருக்கிறாள். சங்கிலி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

முகூர்த்தம் ஒன்பதுக்கு. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கார் ஓட்டுகிற பையனிடமோ மாப்பிள்ளை வீட்டு ஆளிடமோ சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார். போனில் சித்தப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

"வேணாம்ணே. நானே வாரேன்."

அப்பா போனை வைத்துவிட்டு, "இவரு இல்லாம இந்த வீட்டுல ஒண்ணும் நடக்காது," என்றார். அம்மா பட்டுச்சேலையோடு பெட்டிக்கு முன்னாலேயே நின்றாள். வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வந்து சேர்ந்தபோது புதுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழங்காநத்தத்தில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றனவாம். இரண்டு சாவியும் திரும்பின. அப்பா சங்கிலியை எடுத்தார். உள்ளே மற்றதெல்லாம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நான் ஆட்டோவில் ஏறாமல் சித்தப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன். வண்டி பறந்தது. பாலத்தில் ஏறும்போது அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"பாப்பா, ஒங்கப்பா என்னயப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"சித்தப்பா இல்லாம நம்ம வீட்டுல ஒண்ணும் நடக்காதுன்னாரு," என்றேன், அவரைச் சந்தோஷப்படுத்துகிற அவசரத்தில்.

அவ்வளவு அவசரத்தில் வந்த வண்டி அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போனது.

தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் சங்கிலி போய்ச் சேர்ந்துவிட்டது. சீர் தாம்பாளத்தை இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றதைப் போட்டோகூட எடுத்தார்கள். கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் அத்தை என்னைத் தனியே இழுத்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். எங்கள் பெட்டியின் அருமை அத்தைக்குத் தெரியாதே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். சாவியை வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் சித்தப்பா அம்புட்டுத் தூரம் வந்ததையும் சொன்னேன்.

"அந்தப் பொட்டிய வாங்கச் சொன்னது யாரு?"

"அம்மாவும் சித்தியும் சேந்துதான் அத்தே."

அத்தை நேராகப் பந்திக்குப் போனாள். அப்பா ஒரு வரிசையிலும் சித்தப்பா எதிர் வரிசையிலும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவரிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கி, கல்யாணப் பெண்ணின் அம்மாவான அத்தை தானே ஊற்ற ஆரம்பித்தாள். அண்ணன்கள் இரண்டு பேரும் நிமிராமல் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து அலைந்த பசி என்று நினைத்துக்கொண்டேன். அத்தையும் அதனால்தானோ என்னவோ, அடுத்த இலைக்கு நகராமல் அவர்கள் இலையிலேயே மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். சாம்பார் இலையைத் தாண்டி வழிந்தது. வாளி கனக்கிறது போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய் அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.